பனைநார் என்று நினைத்த பிரஷ்

என் ஓரகத்தி வைரக்கண்ணுவைப் பற்றிச் சொல்ல என்னைவிட ஏற்ற ஆள் கிடையாது. நாற்பது வருடத்துக்கு மேலாக அவளைப் பார்த்து வயிறெரிந்தவள் நான். அவளைப் பிடித்தவர்களுக்கு அவள் சிரிப்பு மட்டும்தான் தெரியும். எந்தக் கிழமை எந்தக் கடையில் என்ன சேலை எடுத்தாள் என்பது எனக்குத்தான் தெரியும்.

நாங்கள் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். கீழ்வேளூருக்குப் பக்கத்துக் கிராமம். மூத்தவர் இராஜாங்கம் எனக்கு, இளையவன் வீரையன் அவளுக்கு. நான் வந்து மூன்று வருடம் கழித்து அவள் திருப்பனந்தாள் பக்கமிருந்து வந்தாள். முதல் நடவிலேயே வரப்பில் நின்ற பண்ணைக் காரியக்காரர், "யாருடி அந்தப் புதுப்பொண்ணு? கையா அது, மிசினா?" என்று கேட்டார். நடவில் பின்னால் போகிறவள்தான் முந்துகிறவள். நான் நிமிர்ந்து பார்த்தபோது அவள் எனக்கு நாலு முழம் பின்னால் போயிருந்தாள். அதுவரை அந்த இடம் என்னுடையது.

அவளுக்கு முதல் பிள்ளையே ஆண், வளவன். எனக்கு ஒரே பெண், கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டேன். என் புருஷன் நாற்பத்தெட்டு வயதில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். அவள் புருஷன் குடித்துவிட்டு மதகடியில் விழுந்து கிடப்பான், ஆனால் இருந்தான். அவனை இழுத்து வந்து தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, மறுநாள் காலையில் நெற்றி நிறையக் குங்குமத்தோடு என் வாசலைத் தாண்டிப் போவாள். கல்யாண வீட்டில் குங்குமத் தட்டு அவளிடம் நீண்டு, என் பக்கம் வராமல் திரும்பும். அப்போதெல்லாம் அப்படி ஒரு குடிகாரன்கூட நமக்கு இல்லையே என்று இருக்கும்.

ஊரில் அறுப்பு மெஷின் வந்து கதிர் அறுக்கிற வேலை போன சமயத்தில் வளவன் சிங்கப்பூர் போனான். இரண்டு வருடத்தில் அவள் வீடு மெத்தை வீடாயிற்று. தரையெல்லாம் டைல்ஸ். நான் போகிறபோதெல்லாம், "வழுக்கும், பாத்து வா அக்கா" என்பாள். வழுக்குகிறது என்பதற்காகச் சொன்னதில்லை அது.

அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. மர்யம் மஹால்.

ஹபீப் முகம்மது குவைத்தில் சம்பாதித்து மெயின் ரோட்டில் கட்டிய கல்யாண மண்டபம் அது. நாலு மாடி. முகப்பு முழுக்கக் கண்ணாடி. அவர் குவைத்திலேயே இருந்தார். மண்டபத்தை நடத்தியது அவர் மனைவி பாத்திமா. வயல் வேலை வற்றியபோது அங்கே கூட்டிப் பெருக்கப் போனேன். பிறகு கண்ணாடி துடைக்கிறதும் என் கைக்கு வந்தது. பத்து வருடம் நான்தான். பாத்திமா என்னை "ராசம்மாக்கா" என்று கூப்பிடும். என் வாழ்க்கையில் என்னை அக்கா என்று கூப்பிட்ட ஒரே முதலாளி. ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ராசம்மாள் கண்ணாடி துடைக்கிறாள் என்று ஊருக்குத் தெரியும். வைரக்கண்ணுவுக்கும் தெரியும்.

ஆனால் அந்தக் கண்ணாடி லேசில் மசியாது. கடல் பக்கம். உப்புக் காற்று. போர் தண்ணீரும் உப்பு. சன்னல் விளிம்பில் உட்கார்ந்து மூங்கில் நுனியில் துணி கட்டித் துடைத்தாலும், காய்ந்ததும் அம்மைத் தழும்பு மாதிரி வெள்ளைப் புள்ளி நிற்கும். கடைசித் தண்ணீராகக் குடிக்கிற பில்டர் தண்ணீரை ஊற்றினால் புள்ளி குறையும் என்று நானாகக் கண்டுபிடித்தேன். மேல் இரண்டு மாடிக்கு என் மூங்கில் சரியாக எட்டாது. அங்கே புள்ளி தங்கிப் போயிற்று. அறுபது வயதும் ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வளவன் பர்மிட் முடிந்து ஊரோடு வந்து சேர்ந்தான். முப்பத்தைந்து வயது ஆள். அங்கே அவனுக்குக் கட்டடக் கண்ணாடி கழுவுகிற வேலையாம். பத்து வருடமாக அவன் ஏதோ ஆபீஸில் இருக்கிறான் என்று அவள் ஊரெல்லாம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

அவன் கொண்டுவந்தது ஒரு கம்பு. ஒன்றுக்குள் ஒன்று சொருகி இழுத்தால் நாற்பது அடி நீளும். ஈர்க்குச்சி மாதிரி கனமே இல்லை. உள்ளே குழாய் போகும். நுனியில் பிரஷ். பிரஷ்ஷிலிருந்தே தண்ணீர் பீச்சும். கீழே நின்றுகொண்டே நாலாம் மாடியைக் கழுவலாம். பிறகு துடைக்கவே வேண்டாம், பில்டர் தண்ணீராக இருந்தால் தானாகக் காய்ந்துவிடுமாம். பாத்திமா மகள் ஷமீராவின் நிக்காஹ் அந்த மண்டபத்தில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பாத்திமா அவனைக் கூப்பிட்டு விசாரித்தது.

என்னிடமும் ஒளிக்காமல் சொன்னது. "ராசம்மாக்கா, புதன்கிழமை அந்தத் தம்பி கழுவிக் காட்டட்டும். நல்லா வந்துச்சுன்னா கண்ணாடிய அவங்களுக்கே விட்டுருவோம். நீங்க உள்ள பாத்துக்கங்க. இந்த வயசுல சன்னல்ல தொங்க வேணாம்."

உள்ளே என்றால் கக்கூஸும் எச்சில் இலையும். ரோட்டைப் பார்த்த வேலை வைரக்கண்ணு மகனுக்கு.

செவ்வாய்க்கிழமை அவளே என் வீட்டுக்கு வந்தாள். கையில் பெரிய கட்டைப் பை. வளவன் பின்னால் நின்றான்.

"அக்கா, ஒரு ஒத்தாச. பிரஷ்ஷ சிங்கப்பூர்லேயே விட்டுட்டு வந்துட்டான். மெட்ராசுலேருந்து மூணு தினுசு வரவழைச்சிருக்கான். எத மாட்டுறதுன்னு தெரியல. அந்தக் கண்ணாடி ஒனக்குத்தானே பழக்கம்?"

என் கழுத்தை அறுக்கிற அரிவாளை என்னிடமே சாணை பிடிக்கக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"சிங்கப்பூர்க்காரனுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?"

"அங்க மாசா மாசம் கழுவுவோம் பெரியம்மா" என்றான் வளவன். "அழுக்கு ஒட்டவே ஒட்டாது. நைலான் பிரஷ் போதும். இங்க பத்து வருச உப்பு இருக்கு."

பத்து வருடம் நான் துடைத்த லட்சணத்தைச் சொல்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு பையைப் பிரித்தேன்.

முதலாவது மஞ்சள் நைலான். மெத்தென்று இருந்தது. கையில் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போயிற்று. புது அழுக்குக்கு ஆகும், காய்ந்த உப்பை எடுக்காது. இரண்டாவது முரட்டு நைலான், துடைப்பக்கட்டை மாதிரி. உப்பு போகும், கண்ணாடியும் கீறும். அகலம் வேறு. அவ்வளவு அகலத்தை நாற்பது அடிக் கம்பு நுனியில் வைத்தால் காற்றுக்கு ஆடும்.

மூன்றாவதைத் தொட்டதுமே என் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

நான் பிறந்தது கோடியக்கரைக்குப் போகிற வழியில் ஒரு ஊர். எங்கள் தெருவில் பன்றி வளர்த்தார்கள். முதுகு முடியை வாங்க ஒரு ஆள் சைக்கிளில் வருவார். நீளம் பார்த்துப் பிரித்து முடிச்சுப் போடுகிற வேலை எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு. அடி தடிப்பு, நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இருந்தாலும் ஒரு தடவை மோந்து பார்த்தேன்.

"இது என்னா நாரு?" என்று கேட்டேன்.

வளவன் அட்டையைப் புரட்டினான். "இயற்கைன்னு போட்டுருக்கு பெரியம்மா."

"இயற்கைன்னா பனைநாருதான்" என்றாள் வைரக்கண்ணு. "எங்க ஊருப் பக்கம் இந்த நாருலதான் பிரஷ் கட்டுவாங்க. அப்புடித்தானே அக்கா?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. என் மனம் எங்கே போயிற்று என்றால், புதன்கிழமை இந்தப் பிரஷ்ஷால் அவன் மஹாலைக் கழுவுவான், வியாழக்கிழமை நான் பாத்திமாவிடம் சொல்வேன், அதற்குப் பிறகு இந்த ஆத்தாளும் மகனும் அந்த மஹால் வாசலை மிதிக்க முடியாது. அவ்வளவு தூரம் ஒரு மூச்சில் போய்விட்டு வந்தது.

"இத எடுத்துக்க" என்றேன். "தண்ணிய நல்லாப் புடிச்சுக்கும். உப்ப எடுக்கும், கண்ணாடியக் கீறாது. நனைஞ்சாக் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான்."

ஒரு வார்த்தை பொய் இல்லை.

புதன்கிழமை வளவன் கழுவினான். நான் வாசலில் துடைப்பத்தோடு நின்றேன். நாலாம் மாடியில் பத்து வருடமாக என்னைப் பார்த்துப் பல்லிளித்த புள்ளிகள் ஒவ்வொன்றாகப் போயின. வெயில் ஏறியதும் கண்ணாடி காய்ந்தது. எதிர்ப்பக்கத்து வேப்பமரம் இலை இலையாக அதில் தெரிந்தது. ரோட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஆட்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"மாஷா அல்லா" என்றது பாத்திமா. "என்னம்மா பிரஷ் இது?"

"பனைநாரும்மா, இயற்கை" என்று வைரக்கண்ணு சொன்னாள். அவள் முகம் கண்ணாடியைவிடப் பளிச்சென்று இருந்தது. நான் துடைப்பத்தை இடுக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

வியாழக்கிழமை காலையில் சமையல்கட்டுக்குப் பின்னால் பாத்திமாவைத் தனியாகப் பிடித்தேன்.

"பாத்திமாம்மா, அது பனைநாரு இல்ல. பன்னி முடி."

பாத்திமா நம்பவில்லை. "என்ன பேசுறீங்க?"

மண்டபத்துக் கொட்டகையில் பிரஷ் கிடந்தது. இரண்டு முடியைப் பிடுங்கி, கொல்லையில் தீக்குச்சி கிழித்துக் காட்டினேன். நாராக இருந்தால் வைக்கோல் வாசம் வரும். நைலானாக இருந்தால் உருகும். இது சுருண்டு கருகி, மயிர் பொசுங்குகிற நாற்றம் வந்தது. பாத்திமா மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்றடி பின்னால் போயிற்று.

வைரக்கண்ணுவையும் வளவனையும் வரச்சொன்னார்கள். வளவன் முகம் செத்துப் போயிற்று. "அட்டையில இயற்கைன்னுதான்மா இருந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

"வாங்குறதுக்கு முன்னாடி வெவரம் தெரிஞ்சவங்க யாருகிட்டயும் கேக்கலியா?" என்றது பாத்திமா.

இதை நான் யோசிக்கவே இல்லை. வைரக்கண்ணு என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "யாருகிட்டம்மா கேக்குறது? நாந்தான் தொட்டுப் பாத்து எடுத்தேன். தெரியாமப் போச்சு, மன்னிச்சுக்குங்க."

"தெரியாம செஞ்சதுக்கு நான் கோவப்படல. ஆனா இனிமே அந்தக் கம்பு இங்க வேணாம்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டது. "நல்லவேள, நீங்க இருந்தீங்க ராசம்மாக்கா. கண்ணாடி எப்பவும்போல நீங்கதான்."

நான் ஜெயித்துவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டு உட்கார்ந்தேன், இறங்கவில்லை. காட்டிக்கொடுக்காமல் இருந்த பெருமையையும் அவளே எடுத்துக்கொண்டாளே என்றுதான் இருந்தது. நாற்பது வருடத்தில் அவ்வளவு பொறாமை எனக்கு வந்ததில்லை.

சாயங்காலம் பாத்திமா கூப்பிட்டனுப்பியது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டார்களாம். பன்றி முடி ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரில். சனிக்கிழமை சாயங்கால அஸ்ர் தொழுகைக்குள் முடியணும், ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள்.

நாலு மாடி. ஏழு தடவை. நான் ஒருத்தி.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தேன். ஜும்மா தொழுகைக்கு ஆட்கள் போகிறபோது முதல் தடவையில் இரண்டு மாடிதான் ஆகியிருந்தது. மூன்றாம் மாடிச் சன்னலில் உட்கார்ந்ததும் தலை சுற்றியது. முடியாது. நான் முடிக்கவில்லை என்றால் அந்தப் பெண்ணின் நிக்காஹ் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நடக்காது. பிரஷ்ஷைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள் நான். பாத்திமாவிடம் போய், "கம்பையும் ஏழு தடவ கழுவிட்டா ஆவாதா?" என்று கேட்டேன். அது, "புது பிரஷ் போட்டா ஆவும்" என்றது.

வைரக்கண்ணு வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றதைப் பார்த்தும் முறத்தை நிறுத்தவில்லை.

"என்னா, டைல்ஸ் வழுக்கும்னு வெளியவே நிக்கிறியா?"

"வளவன வரச்சொல்லுடி. அந்த மஞ்ச பிரஷ்ஷையும் எடுத்துக்கிட்டு."

"மஞ்ச பிரஷ்ஷு என்னா முடி? கழுதையா, குதிரையா? மோந்து பாத்துச் சொல்லு."

ஏழு தடவை விஷயத்தைச் சொன்னேன். மண் தண்ணீர் என்றதும் வளவன் உள்ளேயிருந்து வந்தான். "மண்ணுத் தண்ணி கொழாய்ல போனா ஓட்டையெல்லாம் அடைச்சுக்கும் பெரியம்மா. வாளியில முக்கித்தான் தேய்க்கணும். மண்ணுல மணல் இருந்தா கண்ணாடி பூரா கோடு விழுந்துரும்."

மண் எங்கள் சமாச்சாரம். நானும் வைரக்கண்ணுவும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனோம். தை மாதம், முழங்கால் தண்ணீர் ஓடியது. மதகுக்குப் பக்கத்தில் மணல் ஒதுங்கும், வளைவில் வண்டல் படியும். இருவரும் நேராக வளைவுக்குத்தான் போனோம். அவள் அள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தாள். நானும் தேய்த்தேன். நெறுநெறுப்பு இல்லை, வெண்ணெய். பழைய சேலையில் கொட்டி ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து அலசினோம்.

"தெரிஞ்சுதானே சொன்ன?" என்றாள்.

"ஆமாண்டி."

"நீ மோந்தப்பவே நெனச்சேன். பிரஷ்ஷப் போயி யாராவது மோந்து பாப்பாங்களா?"

"அப்பறம் ஏன் பாத்திமாம்மாகிட்ட சொல்லல?"

"சொல்லி? ஓரகத்திய நம்பிக் கெட்டா பாருன்னு ஊரு சிரிக்கவா?" சேலையை ஒரு உதறு உதறினாள். "இன்னொண்ணு. ஒன்னைய அங்கேருந்து வெரட்டிட்டா நீ மக வீட்டுக்குப் போயிருவ. நீ பாக்கலன்னா நான் எதுக்கு அக்கா புதுச் சேல கட்டணும்?"

"பொறுக்கி" என்றேன்.

"பத்து வருசமா அந்தம்மா ஒன்னைய அக்கா அக்காங்குது. நான் ரோட்டுல நின்னு பாத்துட்டுப் போவேன். எனக்கு மட்டும் எரியாதா?"

இது எனக்குப் புதுச் செய்தி. நாற்பது வருடத்தில் யாராவது இதை எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம். சேற்றோடு நின்றுகொண்டு எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் கம்பைக் கழுவி முடித்தோம். பிறகு கண்ணாடிக்கு மண் தண்ணீர் முதலில். வளவன் மஞ்சள் பிரஷ்ஷை முக்கித் தேய்க்க, முகப்பு முழுக்கச் சாணி மெழுகிய சுவர் மாதிரி ஆனது. ரோட்டில் போனவர்கள் எங்களுக்குப் பைத்தியம் என்றே முடிவு கட்டினார்கள். கீழ் வரிசையை நாங்கள் இருவரும் கையாலேயே தேய்த்தோம். பிறகு ஆறு தடவை பில்டர் தண்ணீர். கடினமான உப்பை அந்த முடி புதன்கிழமையே எடுத்துவிட்டுப் போயிருந்தது. அதனால் மெத்தென்ற நைலானே போதும் என்றாயிற்று. சனிக்கிழமை அஸ்ர் பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் ஏழாவது தடவை முடிந்தது.

பாத்திமா வெளியே வந்து நின்று பார்த்தது. "ராசம்மாக்கா, கண்ணாடி நீங்கதான்னு வாக்குக் குடுத்துட்டேன். நீங்களே சொல்லுங்க, என்ன செய்யலாம்?"

வைரக்கண்ணு வாளியைக் கவிழ்த்துவைப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அந்த நாலு மாடியையும் பார்த்தேன். பிரஷ்ஷை எடுக்கச் சொன்னது நான்தான் என்று பாத்திமாவிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

"மேல மூணு மாடி வளவன் பாக்கட்டும்மா. என் கை எட்டாது. கீழ் வரிச நான் பாக்குறேன். ஆளுங்க முகம் பாக்குறது அதுலதான்."

"இன்னொண்ணும்மா" என்று இந்தப் பக்கம் திரும்பினாள் வைரக்கண்ணு. "இனிமே என்ன பிரஷ் வாங்குனாலும் அக்கா தொட்டுப் பாக்காம மாட்ட மாட்டோம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை அறைந்திருப்பேன்.

அப்படித்தான் இன்றைக்கும் நடக்கிறது. வளவன் இப்போது திருவாரூர், நாகப்பட்டினம் என்று கட்டடம் கட்டடமாகப் போகிறான். புது பிரஷ் வந்தால் பெட்டியோடு என்னிடம் வரும். நான் விரலால் நீவி, ஒரு முடியைப் பொசுக்கிப் பார்த்து, ஆகும் ஆகாது என்று சொல்வேன். எழுத்துக் கூட்டத் தெரியாத நான் வேண்டாம் என்றால் அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் அது திரும்பிப் போகும். வைரக்கண்ணு ஊரில் எங்கள் கம்பெனி என்கிறாள். எங்கள் என்பதில் நான் உண்டா என்று நான் கேட்டதில்லை.

மஹாலில் வளவன் கழுவிய மூன்று மாடியும் என் கீழ் வரிசையும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன. ஊரே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவன் மாதம் ஒரு முறை கழுவுகிறான். நான் வாரம் இரண்டு முறை துடைக்கிறேன். போன வாரம் மூன்றாவது முறையாகவும் துணியை எடுத்தேன். ரோட்டில் ஒரு புது மாம்பழக் கலர் சேலை வந்து நின்றது.

"போதும் அக்கா, கண்ணாடி தேஞ்சு போயிரும்."

"ஒன் வேலயப் பாத்துக்கிட்டுப் போடி" என்றேன். சேலை நன்றாகத்தான் இருந்தது. எந்தக் கடை என்று கேட்கவில்லை.